புளூடூத்தை ஓட்டுவது எந்த டிரைவர்?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் கவனத்துக்கு

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், மும்பை லாமிங்டன் ரோட்டிலும், டெல்லி நேரு பிளேசிலும் பழைய லேப்டாப்புகளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. இப்போது அந்தக் கிராக்கிக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

விண்டோஸ்-10க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ்-11, 2017-க்கு முந்திய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. ஆபீசுகள் இந்தப் பெட்டிகளைக் கழித்துக் கட்டுகின்றன. கடைக்காரர்கள் அவற்றைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, விற்கிறார்கள்.

லினக்ஸுக்குக் காசு இல்லை. பழைய பெட்டியிலும் சுறுசுறுப்பாக ஓடும். தபால், பேங்க் வேலை, பிள்ளைகளின் பாடம், தமிழ் டைப்பிங் எல்லாம் நடக்கும்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் ஒரு புகார் எழும்: "எல்லாம் ஓடுகிறது, புளூடூத் மட்டும் ஓடவில்லை."

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாலு பேர் சேர்ந்து தங்கும் அறையில் அது சின்ன விஷயம் அல்ல. ஒருவர் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பார். இன்னொருவர் பரீட்சைக்குப் படிப்பார். மூன்றாமவர் ஊரில் இருக்கும் குழந்தையின் முகத்தை லேப்டாப்பில் பார்த்துப் பேச நினைப்பார். ஒயர் இல்லாத ஹெட்போன் வேலை செய்தால்தான் மூன்று பேருக்கும் நிம்மதி.

கடைக்காரரிடம் திரும்பிப் போனால் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்பார். அல்லது, "லினக்ஸுக்கு டிரைவர் கிடையாது சார்" என்பார்.

பல சமயம் இரண்டுமே சரியல்ல. பணம் கொடுப்பதற்கு முன், அந்தப் பெட்டியில் புளூடூத்தை எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று பார்த்துவிட வேண்டும். பத்து நிமிஷ வேலைதான். கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

பஸ் உண்டு, டிரைவர் உண்டு

டிரைவர் என்றதும் காக்கிச்சட்டை போட்டவரை நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் டிரைவர் என்பது ஒரு சிறிய புரோகிராம். லினக்ஸ் பேசும் பாஷை ஒன்று. புளூடூத் சில்லுக்குத் தெரிந்த பாஷை வேறு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசும் துபாஷிதான் டிரைவர்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே பஸ்ஸும் உண்டு. யு.எஸ்.பி. என்ற பெயரில் கடைசியாக வரும் எழுத்து பஸ்ஸைத்தான் குறிக்கிறது. பல சாதனங்கள் ஒரே தடத்தில் ஏறி இறங்குவதால் அந்தப் பெயர். கண்டக்டர் மட்டும்தான் இல்லை!

விண்டோஸில் டிரைவரைத் தனியாகப் போடும் வழக்கம் உண்டு. அதற்காகப் பழைய புளூடூத் டாங்கிள்களோடு ஒரு குட்டி சி.டி. தருவார்கள். லினக்ஸில் அந்த சி.டி. எதற்கும் பயன்படாது. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் கருவான கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. எனவே, "டிரைவர் எங்கே கிடைக்கும்?" என்று தேடி அலைவதற்கு முன், "ஏற்கெனவே எது உட்கார்ந்திருக்கிறது?" என்று பார்ப்பதுதான் முறை.

லினக்ஸில் புளூடூத் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவின் குவால்காம் கம்பெனியில் இருந்த மேக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி எழுதிய புளூஸ் என்ற புரோகிராம் தொகுப்பு 2001-ல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் அது கெர்னலிலும் இடம் பெற்றது. பிறகு அந்தப் பொறுப்பை ஏற்று நீண்ட காலம் நடத்தியவர் மார்செல் ஹோல்ட்மன். இன்று யு.எஸ்.பி. வழி புளூடூத்தை ஓட்டும் பொது டிரைவர் அவர் எழுதியதே ஆகும்.

எழுத்தைக் கவனியுங்கள்

லினக்ஸில் டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. உபுண்டு, மின்ட் போன்ற வகைகளில் கன்ட்ரோல், ஆல்ட், டெலிபோன் டி ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினால் அது திறக்கும். அதில் கட்டளையை அடித்து என்டரைத் தட்ட வேண்டும்.

கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். தமிழில் பி என்று எழுதினால் எந்த பி என்ற சந்தேகம் வரும். எனவே டிரங்க் கால் காலத்து வழக்கப்படி பாம்பே பி, போஸ்ட் பி என்றும், டெலிபோன் டி, டெல்லி டி என்றும் இங்கே பிரித்துச் சொல்லப்படுகிறது.

முதலில் பூட்டைப் பாருங்கள்

டிரைவரைத் தேடுவதற்கு முன் ஒரு சோதனை. ஆர் எப் கே ஐ எல் எல் என்று சேர்த்து அடித்து, ஒரு இடம் விட்டு, லிஸ்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடியுங்கள். ரேடியோ சாதனங்களுக்குப் பூட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று இது காட்டும்.

சாப்ட் பிளாக்டு என்பதற்கு எதிரே எஸ் என்று இருந்தால், பூட்டியது புரோகிராம். அதே கட்டளையில் லிஸ்டுக்குப் பதிலாக அன்பிளாக் புளூடூத் என்று அடித்தால் திறந்துவிடும். ஹார்டு பிளாக்டு என்பதற்கு எதிரே எஸ் என்று இருந்தால், லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சுவிட்சோ, விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள விமானப் படம் போட்ட பொத்தானோ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஆபீஸ் லேப்டாப்புகளில் இந்த ஓர சுவிட்ச் சகஜம். அதைத் தள்ளாமல் "போர்டு போச்சு" என்று பணம் வாங்குவதும் நடக்கக்கூடியதே.

லிஸ்டில் புளூடூத் என்ற பேச்சே இல்லையானால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எட்டு எழுத்துச் சீட்டு

இப்போது எல் எஸ் யு எஸ் பி. இதில் வருவது பாம்பே பி. இடம் விடாமல் அடிக்க வேண்டும்.

யு.எஸ்.பி. தடத்தில் இருக்கும் எல்லாச் சாதனங்களும் வரிவரியாக வரும். ஒவ்வொரு வரியிலும் பஸ் நம்பர், டிவைஸ் நம்பர், பிறகு ஐ.டி. என்று போட்டு நான்கு எழுத்து, முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளி, மறுபடி நான்கு எழுத்து. கடைசியில் பெயர்.

பெயரை நம்ப வேண்டாம். அந்த எட்டு எழுத்துகளைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நான்கு, செய்த கம்பெனியைக் குறிக்கும். அடுத்த நான்கு, சரக்கைக் குறிக்கும். 8087 என்று ஆரம்பித்தால் இன்டெல். 0 பி டி ஏ என்று வந்தால் ரியல்டெக்; அதில் பாம்பே பி, டெல்லி டி. 2357 என்றால் டிபி-லிங்க். 0 ஏ 12 என்றால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சிலிகான் ரேடியோ. இந்தக் கடைசிப் பெயரைப் பற்றிப் பின்னால் ஒரு எச்சரிக்கை இருக்கிறது.

லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கும் புளூடூத் இந்த யு.எஸ்.பி. பட்டியலில் வருமா என்று கேட்கலாம். பெரும்பாலும் வரும். வெளியே ஓட்டை தெரியாவிட்டாலும், உள்ளுக்குள் அது யு.எஸ்.பி. தடத்தில்தான் ஓடுகிறது.

இங்கேதான் பலர் இடறி விழுகிறார்கள். லேப்டாப்பில் வை-பையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் இருக்கும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. ஆனால் அதில் பாதிக்கு ஒரு பாதை, மறுபாதிக்கு வேறு பாதை. வை-பை பாதி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற தடத்தில் போகும். புளூடூத் பாதி யு.எஸ்.பி. தடத்தில் போகும். ஒரே வீட்டில் முன்வாசலில் ஒரு குடித்தனம், பின்வாசலில் ஒரு குடித்தனம் போல.

பி.சி.ஐ. பட்டியலைப் பார்த்தவர்களுக்கு வை-பை டிரைவரின் பெயர் மட்டும் தெரியும். இன்டெல் அட்டையானால் ஐ-டபிள்யு-எல்-வை-பை என்று இருக்கும். அதுவே புளூடூத்துக்கும் டிரைவர் என்று எண்ணி, வை-பை டிரைவரைக் கழற்றி மாட்டி, கடைசியில் இன்டர்நெட்டையும் இழந்து உட்கார்ந்திருப்பார்கள். முன்வாசலைத் தட்டினால் பின்வாசல்காரர் எப்படி வருவார்?

மரத்தில் எழுதியிருக்கும் பெயர்

அதே எல் எஸ் யு எஸ் பி. பிறகு ஒரு இடம் விட்டு, சிறு கோடு, அதை ஒட்டி டெலிபோன் டி. மரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. சாதனங்கள் கிளை கிளையாக வரும்.

முன்பு குறித்துக்கொண்ட டிவைஸ் நம்பரை இந்த மரத்தில் தேட வேண்டும். அந்த வரியில் கிளாஸ் என்ற இடத்தில் ஒயர்லெஸ் என்றும், டிரைவர் என்ற இடத்தில் ஒரு பெயரும் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பெயர் பி டி யு எஸ் பி என்பதாகும். இரண்டும் பாம்பே பி. டி, டெலிபோன் டி. புளூடூத் யு.எஸ்.பி. என்பதன் சுருக்கம்.

ஒரே டாங்கிளுக்கு இரண்டு வரி வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு வரி கட்டளைகளுக்கும் விவரங்களுக்கும் ஆனது. இன்னொன்று பேச்சுக் குரலுக்கு ஆனது. இரண்டுக்கும் ஒரே டிரைவர்தான்.

டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தாலோ, 'நன்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தாலோ, சாதனம் கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்ட ஆள் இல்லை என்று அர்த்தம். கெர்னல் பழசாக இருக்கலாம். "டிரைவர் கிடையாது" என்று கடைக்காரர் சொல்வது இந்த ஒரு நிலையில் மட்டும் ஓரளவு பொருந்தும். அப்போதும் புதிய லினக்ஸ் போட்டால் தீர்ந்துபோக வாய்ப்பு உண்டு.

யு.எஸ்.பி. பட்டியலில் சாதனமே வராவிட்டால்? முதலில் பெட்டியை முழுதாக அணைக்க வேண்டும். ரீஸ்டார்ட் போதாது. கரண்ட் ஒயரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரியானால் அதையும் கழற்றி, சிறிது நேரம் கழித்துப் போட வேண்டும். மயங்கிக் கிடந்த சில்லு இதில் எழுந்து வருவது உண்டு. அதற்குப் பிறகும் வராவிட்டால்தான் அட்டையைச் சந்தேகிக்க வேண்டும்.

நாலு பேர் நிற்பார்கள், உழைப்பவர் ஒருவர்

டிரைவர் பெயர் தெரிந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தால் அவசரம். பி டி யு எஸ் பி என்பது பொது டிரைவர். உலகத்தில் உள்ள யு.எஸ்.பி. புளூடூத் அத்தனைக்கும் அதுதான் ஸ்டியரிங் பிடிக்கிறது. ஒவ்வொரு கம்பெனிச் சில்லுக்கும் உரிய தனி நுணுக்கத்தை அதற்கு எடுத்துக்கொடுக்கும் உதவியாளர்கள் வேறு.

எல் எஸ் எம் ஓ என்று அடித்து, ஒட்டி ஒரு டெல்லி டி போட்டால், கெர்னலில் ஏறியிருக்கும் எல்லாப் புரோகிராம்களின் பட்டியலும் வரும். அதில் பி டி இன்டெல், பி டி ஆர் டி எல், பி டி பி சி எம், பி டி எம் டி கே என்று நாலு பெயர்கள் பொதுவாகக் காணப்படும். முறையே இன்டெல், ரியல்டெக், பிராட்காம், மீடியாடெக் சில்லுகளுக்கு உரியவர்கள்.

"நாலும் இருக்கிறதே! பெட்டியில் இன்டெல் சில்லா, ரியல்டெக் சில்லா?" என்று குழம்புவார்கள். பி டி இன்டெல் என்று கண்டதும், இன்டெல் சில்லு என்றே முடிவுகட்டி, அதற்கு உரிய கோப்புகளைத் தேடி ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீணாக்கியவர்களும் உண்டு.

விஷயம் எளிது. பொது டிரைவர் வேலைக்கு ஏறும்போதே நாலு உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டுதான் ஏறும். சில்லு எதுவாக இருந்தாலும் நாலு பேரும் நிற்பார்கள். பட்டியலில் பெயர் இருப்பது, வேலை செய்ததற்கு அத்தாட்சி ஆகாது. ஆபீசில் ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் எல்லாம் பைல் பார்த்தவர் ஆகிவிட மாட்டார் அல்லவா?

டைரியைப் புரட்டுங்கள்

யார் உழைத்தார்கள் என்று தெரிய, கெர்னல் எழுதி வைக்கும் டைரியைப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்ட நேரத்திலிருந்து நடந்த ஒவ்வொன்றையும் அது குறித்து வைக்கும்.

கட்டளை இது: முதலில் சூடோ என்ற சொல், அதாவது எஸ் யு, டெல்லி டி, ஓ. இடம் விட்டு, டெல்லி டி, எம் ஈ எஸ் ஜி. இடம் விட்டு, ஒரு செங்குத்துக் கோடு. இடம் விட்டு, ஜி ஆர் ஈ, போஸ்ட் பி. இடம் விட்டு, சிறு கோடும் ஐ எழுத்தும். கடைசியாக இடம் விட்டு, புளூடூத் என்ற ஆங்கிலச் சொல். பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அது வழக்கம்தான்.

டைரியில் புளூடூத் சம்பந்தப்பட்ட வரிகள் மட்டும் வடிகட்டி வரும். எச் சி ஐ 0 என்பது முதல் புளூடூத் சாதனத்துக்கு லினக்ஸ் வைத்த பெயர். அதற்குப் பக்கத்தில் ஆர் டி எல் என்று தொடங்கும் வரிகள் வந்தால், வேலை பார்த்தவர் ரியல்டெக் உதவியாளர். இன்டெல் சில்லானால், இன்டெல் என்ற அறையிலிருந்து ஐ பி டி என்று தொடங்கும் ஒரு கோப்பை எடுத்ததாக வரி இருக்கும்.

கோப்பு எதற்கு? இதுதான் முக்கியமான இடம்.

இக்காலப் புளூடூத் சில்லுகளில் பல, கரண்ட் வந்தவுடன் முழு அறிவோடு எழுவதில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் டிரைவர் ஒரு கோப்பை எடுத்து அதற்கு ஊட்ட வேண்டும். அந்தக் கோப்புக்குப் பெயர் பர்ம்வேர். டிரைவர் வேறு, பர்ம்வேர் வேறு. டிரைவர் கம்ப்யூட்டருக்குள் ஓடுவது. பர்ம்வேர் சில்லுக்குள்ளேயே ஓடுவது.

பர்ம்வேரைச் செய்பவர்கள் சில்லுக் கம்பெனிக்காரர்கள். அதன் மூலம் வெளியிடப்படுவதில்லை. அதனால் கட்டுப்பாடான சில லினக்ஸ் வகைகள் நெடுங்காலம் அதைத் தம்மோடு சேர்க்காமல் இருந்தன. டெபியன் 2023-ல் வெளியிட்ட 12-வது பதிப்பில்தான் இந்தக் கோப்புகளை நிறுவும் தட்டிலேயே சேர்த்துக்கொண்டது. பழைய பதிப்பைப் போட்டவர்களுக்கு டிரைவர் இருக்கும். ஊட்ட உணவு இருக்காது.

டைரியில் அது அப்படியே எழுதியிருக்கும். இன்ன பர்ம்வேர் கோப்பை ஏற்ற முயன்று தவறியது, எர்ரர் மைனஸ் 2 என்று வரும். மைனஸ் 2 என்றால் கோப்பு இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். போர்டு போகவில்லை. சில்லு கெடவில்லை. டெபியனில் பர்ம்வேர்-ரியல்டெக் என்ற தொகுப்பைப் போட்டு, பெட்டியை அணைத்து மறுபடி போட்டால் ஹெட்போன் பாடத் தொடங்கும். இன்டெல் புளூடூத்துக்கு உரிய கோப்புகள் பர்ம்வேர்-ஐ-டபிள்யு-எல்-வை-பை என்ற தொகுப்பிலேயே சேர்ந்து வருகின்றன. உபுண்டுவில் எல்லாம் லினக்ஸ்-பர்ம்வேர் என்ற ஒரே மூட்டையில் இருக்கும். காசு எதுவும் இல்லை.

மைனஸ் 110 என்று வந்தால் அது வேறு. கேட்ட கேள்விக்கு நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று பொருள். டாங்கிளை வேறு ஓட்டையில் செருகிப் பார்க்கலாம். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். அப்படியும் மைனஸ் 110 வந்தால், டாங்கிளின் மீதே சந்தேகம் விழுகிறது.

பெயர் சரி, ஆள் தெரியாது

இன்னொரு விசித்திரமும் உண்டு. டிரைவர் சரியாக உட்கார்ந்திருக்கும். டைரியில் குறை ஏதும் இருக்காது. ஆனாலும் பக்கத்தில் உள்ள ஹெட்போனைக் கண்டுபிடிக்காது.

டிபி-லிங்கின் யு.பி.500 என்ற டாங்கிளை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது ரியல்டெக் சில்லு. ஆனால் சீட்டில் எழுதியிருக்கும் எண் டிபி-லிங்கினுடையது: 2357, 0604. "நான் ஒரு புளூடூத் சாதனம்" என்று பொதுவாக அது அறிவித்துக்கொள்ளும். அந்த ஒரு வார்த்தை போதும், பொது டிரைவர் ஏறி உட்கார்ந்துவிடும். மரத்தில் பெயரும் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ரியல்டெக் என்று டிரைவருக்குத் தெரியாது. தெரியாததால் பர்ம்வேரை ஊட்டாது. சில்லு அரைத் தூக்கத்திலேயே கிடக்கும்.

கெர்னல் 5.16 பதிப்பில்தான் இந்த எண்ணை ரியல்டெக் வரிசையில் சேர்த்தார்கள். அது 2022 ஜனவரியில் வெளிவந்தது. எனவே டைரியில் ஆர் டி எல் என்ற வரியே இல்லாமல், டிரைவர் மட்டும் ஏறியிருந்தால், கெர்னலின் வயதைப் பார்க்க வேண்டும். யு என் ஏ எம் ஈ, இடம் விட்டு, சிறு கோடும் ஆர் எழுத்தும். பதிப்பு எண் வந்துவிடும்.

டாங்கிளைக் குறை சொல்லிக் குப்பையில் போட்ட எத்தனையோ பேர், லினக்ஸைப் புதுப்பித்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

கேம்பிரிட்ஜ் பெயரில் போலி

எட்டு எழுத்துச் சீட்டில் 0 ஏ 12 என்றும், 0001 என்றும் வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை.

கேம்பிரிட்ஜ் சிலிகான் ரேடியோ பெயர் பெற்ற கம்பெனி. 2015-ல் குவால்காம் அதை வாங்கிவிட்டது. ஆனால் அதன் எண்ணைப் பொறித்துக்கொண்ட போலிச் சில்லுகள் மலிவு டாங்கிள்களில் இன்றும் நடமாடுகின்றன. விரல் நுனி அளவு கறுப்புப் பிளாஸ்டிக், கவரில் 5.0 என்று பெரிய எழுத்து. அசலுக்குத் தெரிந்த சில கட்டளைகள் இவற்றுக்குத் தெரியாது. கேட்டால் விழிக்கும், அல்லது பேசாமல் செத்தது போல் கிடக்கும்.

இந்தப் போலிகளின் தொல்லை தாங்காமல், பிடிக்கும் பொறியை டிரைவருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சில்லு தன் வயதையும் பதிப்பையும் சொல்லும்போது, அசல் கம்பெனியின் கணக்கோடு டிரைவர் அதை ஒத்துப் பார்க்கிறது. கணக்கு இடித்தால், சி எஸ் ஆர் குளோன், அதாவது நகல், கண்டுபிடிக்கப்பட்டது என்று டைரியில் எழுதி வைத்துவிட்டு, அதன் குறைகளுக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்து ஓட்டப் பார்க்கிறது. சில நகல்கள் இதில் பிழைத்துக்கொள்ளும். சில பிழைக்காது.

கடைக்காரரிடம் வாதாடுவதற்கு இந்த ஒரு வரி நல்ல சாட்சி. "அண்ணா, இது டூப்ளிகேட்டுன்னு சிஸ்டமே சொல்லுது, பாருங்க. மாத்திக் குடுத்துடுங்க" என்று திரையைக் காட்டிச் சொன்னால், கோபப்படாமலே காரியம் நடக்கலாம்.

யு.எஸ்.பி. இல்லாத இடம்

எல்லாப் புளூடூத்தும் யு.எஸ்.பி. தடத்தில் இல்லை. 2016-ல் வந்த ராஸ்பெரி பை-3 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரைப் பலர் வாங்கிப் பழகுகிறார்கள். அதில் புளூடூத் சில்லு, சீரியல் என்ற பழைய பாணித் தடத்தில் இணைந்திருக்கிறது. யு.எஸ்.பி. பட்டியலில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே வேலை பார்ப்பது எச் சி ஐ யு ஏ ஆர் டி என்ற வேறொரு டிரைவர். சீரியல் டிரைவர் என்று சொல்லலாம்.

எந்தத் தடமானாலும் விடை சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் நேரான வழி இதுதான் என்றாலும், அடிக்க வேண்டிய எழுத்து அதிகம் என்பதால் கடைசியில் தரப்படுகிறது. ரீட்லிங்க் என்ற ஆங்கிலச் சொல். இடம் விட்டு, சிறு கோடும் எப் எழுத்தும். இடம் விட்டு, சாய்கோடு போட்டு எஸ் ஒய் எஸ். சாய்கோடு போட்டு கிளாஸ். சாய்கோடு போட்டு புளூடூத். சாய்கோடு போட்டு எச் சி ஐ 0. சாய்கோடு போட்டு டிவைஸ். சாய்கோடு போட்டு டிரைவர். இந்தப் பாதையில் எங்கேயும் இடம் விடக்கூடாது.

விடையாக இன்னொரு நீளமான பாதை வரும். அதன் கடைசிச் சொல்தான் டிரைவரின் பெயர். இரண்டு புளூடூத் இருக்கும் பெட்டியில், அதாவது உள்ளே ஒன்றும் வெளியே டாங்கிள் ஒன்றுமாக இருந்தால், 0-வுக்குப் பதில் 1 போட்டு மற்றதையும் பார்க்கலாம்.

டிரைவரின் ஜாதகமே வேண்டும் என்பவர்கள், எம் ஓ, டெல்லி டி, ஐ என் எப் ஓ என்று சேர்த்து அடித்து, இடம் விட்டு டிரைவர் பெயரை அடிக்கலாம். எழுதியவர் பெயர், பதிப்பு, எந்தெந்த எண்கள் தெரியும் என்ற விவரம் எல்லாம் கொட்டும். சென்னையில் உள்ள சி-டாக் நிலையம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸானாலும், வெளிநாட்டு லினக்ஸானாலும் இந்தக் கட்டளைகளில் மாற்றம் இல்லை. கெர்னல் ஒன்றுதானே.

சாவியைக் கொடுக்காதீர்கள்

இன்டர்நெட்டில் "புளூடூத் டிரைவர் டவுன்லோடு" என்று தேடினால் கண்ட கண்ட இடங்கள் எல்லாம் வரும். முன்பின் தெரியாத கோப்பைக் கொடுத்து, சூடோ போட்டு ஓட்டு என்பார்கள். சூடோ என்பது வீட்டுச் சாவி. அதே பெட்டியில்தான் பேங்க் வேலையும் நடக்கிறது. லினக்ஸின் சொந்தத் தொகுப்புக் கடையில் கிடைக்காத டிரைவரை, தெரியாதவர் கையிலிருந்து வாங்கிப் போடுவது பெரிய ஆபத்து. டாங்கிளை மாற்றிக்கொள்வது அதைவிட மலிவு.

லேப்டாப் வாங்கும் முன்பே இத்தனையும் பார்த்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. உபுண்டுவையோ மின்டையோ ஒரு பென் டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டு போங்கள். "அண்ணா, இதைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். போட்டுப் பார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், பெட்டியில் உள்ள எதுவும் அழியாது. யு.எஸ்.பி. மரத்தைப் பாருங்கள். டைரியைப் பாருங்கள். உங்கள் ஹெட்போனையே அங்கே இணைத்து ஒரு பாட்டுக் கேட்டுவிடுங்கள்.

நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம், எஸ்.பி. ரோட்டில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.